கொடுங்கோலைத் தாங்கும் கரங்கள்

1989-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் பெர்லின் சுவர் திறந்துவிடப்பட்டது. அந்நாளில் நான் குருமடத்தில் மெய்யியல் பயின்றுகொண்டிருந்தேன். செய்தித்தாள்கள் தீட்டிக் காட்டிய சித்திரம் எளிமையானது: மேலே சில கொடியவர்கள், கீழே அஞ்சி ஒடுங்கிய மக்கள், இடையில் ஒரு சுவர், சுவர் வீழ்ந்தது, மக்கள் மீண்டனர். ஆனால் 1992 ஜனவரியில், கிழக்கு ஜெர்மனியின் இரகசியக் காவல்துறையான ‘ஸ்டாசி’ சேர்த்து வைத்திருந்த கோப்புகளை, அவை யாரைப் பற்றி எழுதப்பட்டனவோ அவர்களே படித்துப் பார்க்க வழி பிறந்தது. அவற்றை விரித்தவர்கள் கண்டது காவலரின் எழுத்தை மட்டுமன்று. உடன் பணிபுரிந்தவர், ஒன்றாய்ப் படித்தவர், ஒரே மேசையில் உணவருந்தியவர் ஆகியோர் சொன்ன சொற்களை அங்கே கண்டனர். சிலர் தம் வாழ்க்கைத் துணையின் சொற்களையே கண்டனர்.

கொடுங்கோல் ஆட்சியைத் தாங்கி நிற்பது எது? படையா? சிறையா? கொலைக்களமா? இவை யாவும் உண்மையே. இவற்றின் கொடுமையைக் குறைத்துப் பேசுவது மாண்டவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும். ஆயினும் படைவீரன் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நின்றுகொண்டிருக்க இயலாது. வீட்டுக்குள் வந்து போகிறவர்கள் உறவினரும் நண்பரும் அண்டை வீட்டாருமே. பங்குக் குருவாகப் பல்லாண்டுகள் வீடு வீடாகச் சென்று வருபவன் என்ற முறையில் ஒன்றை நான் அறிவேன். மனிதரை நல்வழியில் நிறுத்துவதும் உறவே. தவறென்று தெரிந்தும் வாய்மூடச் செய்வதும் உறவே. “நமக்கேன் சாமி வம்பு? நாங்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள்” என்னும் சொல்லைக் கேளாமல் எந்தப் பங்கிலும் நான் பணியாற்றியதில்லை. இச்சொல்லில் வஞ்சகம் இல்லை, அன்பே இருக்கிறது. அந்த அன்பைக் கொடுங்கோல் எவ்வாறு தனக்கு ஊன்றுகோலாக்கிக் கொள்கிறது என்பதையே ஜெர்மானிய நாடுகளின் வரலாற்றைக்கொண்டு இங்குச் சிந்திக்க விழைகிறேன்.

இரு கண்களே உடைய அரசன்

16-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் எத்தியேன் தெ லா போயசி என்பவர் வாழ்ந்தார். மனிதர் தாமாகவே ஏற்றுக்கொள்ளும் அடிமைத்தனத்தைப் பற்றி இளம் வயதிலேயே ஒரு சிறு நூலை அவர் எழுதினார். 1563-இல், தமது 32-ஆம் வயதில், அவர் மறைந்தார். நூல் அதன் பின்னரே அச்சேறியது. அவர் எழுப்பிய வினா மிக எளியது. கொடுங்கோலனுக்கும் மற்றவர்களைப் போல இரு கண்களும் இரு கைகளுமே உள்ளன. அவ்வாறாயின், எங்கும் நோக்கும் கண்களையும் எல்லாரையும் அடிக்கும் கைகளையும் அவனுக்குக் கொடுத்தவர் யார்?

விடையும் அவரே தந்தார். அரசனை நெருங்கியிருப்போர் ஐந்தாறு பேர். அவர்களால் பயன்பெறுவோர் 600 பேர். அந்த 600 பேரை அண்டிப் பிழைப்போர் 6,000 பேர். அவர்களுக்குப் பின்னே எண்ணிலடங்காதோர். ஒவ்வொருவரும் தமக்கு மேலிருப்பவரிடம் பெறுகின்றனர். தமக்குக் கீழிருப்பவரை அடக்குகின்றனர். அரசனை ஒரு நாளும் நேரில் கண்டிராதவர்கூட அச்சங்கிலியில் ஒரு கண்ணியாகி விடுகிறார். அச்சத்தைக் காட்டிலும் நன்றிக்கடனே அவரை இறுகப் பிணைக்கிறது. ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்குப் பின்னர் ஜெர்மனியில் திறக்கப்பட்ட காவல்துறைக் கோப்புகள் இக்கூற்றுக்குச் சான்றாயின.

பக்கத்து வீட்டுச் செவிகள்

இட்லரின் இரகசியக் காவல்துறையான ‘கெஸ்டப்போ’வின் பெயரைக் கேட்டாலே, தெருத்தோறும் ஓர் ஒற்றன் நின்றான் என்ற எண்ணம் எழும். உண்மை வேறு. பவேரியாவில் வூர்ஸ்பர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கீழ்ப் பிராங்கோனியா வட்டாரத்தின் மக்கள்தொகை 8 லட்சத்துக்கும் மேல், பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவ்வளவு மக்களையும் கண்காணிக்க 1937-இல் அங்கிருந்த கெஸ்டப்போ அலுவலர்கள் 30 பேர்கூட இல்லை. இவ்வளவு சிலரால் இவ்வளவு பலரை எவ்வாறு அடக்கி ஆள முடிந்தது?

போரின் முடிவில் கெஸ்டப்போவின் கோப்புகளிற் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. வூர்ஸ்பர்க், டுசல்டோர்ஃப் ஆகிய நகரங்களின் கோப்புகள் பெருமளவு தப்பின. கனடா நாட்டு வரலாற்றாசிரியர் ராபர்ட் ஜெல்லட்லி வூர்ஸ்பர்க் கோப்புகளை ஆராய்ந்து 1990-இல் ஒரு நூல் வெளியிட்டார். யூதர்களோடு காதலுறவு கொண்டதாகவோ, நட்புப் பாராட்டியதாகவோ தொடரப்பட்ட 175 வழக்குகளை அவர் எடுத்துப் பார்த்தார். அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை பொதுமக்களுள் ஒருவர் தாமே முன்வந்து கொடுத்த தகவலால் தொடங்கியவை. டுசல்டோர்ஃப் கோப்புகளை ஆராய்ந்த ரைன்ஹார்ட் மான், காட்டிக்கொடுத்தவர்களின் நோக்கத்தையும் தேடினார். ஆட்சியின் மீதுள்ள பற்றினால் சொன்னவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ளச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள். வீட்டுக்காரருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் இடையே தகராறு, வணிகப் போட்டி, கணவன் மனைவி மனக்கசப்பு – இவை போதுமானவையாக இருந்தன. ஆட்சியை இழிவாகப் பேசுவதைத் தண்டிக்க 1934 டிசம்பரில் ஒரு சட்டம் பிறந்தது. அதன் பின்னர், தெருவில் பேசிய ஒரு சொல்லைக்கூட அண்டை வீட்டார் ஆயுதமாக்க முடிந்தது. அரசு செய்ததெல்லாம் கதவைத் திறந்து வைத்ததே. பொறாமையும் பகையும் தாமாகவே உள்ளே நடந்து சென்றன.

ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. பெர்லின் புனித எட்விக் பேராலயத்தின் தலைமைக் குருவாயிருந்த பெர்ன்ஹார்ட் லிக்டன்பெர்க், 1938 நவம்பரில் யூதர்களின் செபக்கூடங்கள் கொளுத்தப்பட்ட நாள் முதல், மாலை வழிபாட்டில் யூதர்களுக்காக வெளிப்படையாக மன்றாடி வந்தார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் அம்மன்றாட்டு தொடர்ந்தது. 1941 ஆகஸ்டு 29 அன்று கோயிலுக்குள் வந்த இரு மாணவிகள் அதைச் செவியுற்றனர். அவர்கள் கொடுத்த புகாரின் பேரில் அக்டோபரில் அவர் கைது செய்யப்பட்டார். இரண்டாண்டுச் சிறைவாசத்திற்குப் பின் டாக்காவ் வதைமுகாமுக்குக் கொண்டு செல்லப்படும் வழியில், 1943 நவம்பர் 5 அன்று உயிர்நீத்தார். 1996-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை அருளாளராக உயர்த்தினார். அவரை வீழ்த்த இரு வாய்கள் போதுமானவையாயின என்பதை நினைவில் கொள்வோம். அவ்விருவருக்கு முன்னர் மாலைதோறும் அதே மன்றாட்டைக் கேட்டு, அதைத் தம் நெஞ்சோடு வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்களையும் நினைவில் கொள்வோம். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கோப்பிலும் இல்லை.

ஊரோடு ஒக்க ஓடாதவர்

பொறாமையும் பகையும் தீமைக்குத் துணைபோவதில் வியப்பில்லை. வியப்புக்குரியது, நல்லெண்ணமும் அவ்வாறே துணைபோவதாகும். இதற்கு ஆஸ்திரிய நாட்டின் சிற்றூரான புனித ராடெகுண்டைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

அவ்வூரில் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் என்னும் உழவர் வாழ்ந்தார். ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்ததை ஏற்கிறீர்களா என 1938 ஏப்ரலில் மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டபோது, அவ்வூரில் ‘இல்லை’ என்று வாக்களித்தவர் அவர் ஒருவரே. ஊர் அலுவலர்களோ அந்த ஒரு வாக்கை மறைத்துவிட்டு, ஊர் முழுவதும் ஒருமனதாக ஏற்றது என்று அறிவித்தனர். தலைநகரிலிருந்து ஆணை வந்து அவ்வாறு செய்யவில்லை. ஊருக்குக் கெட்ட பெயர் வரலாகாது, ஊராருக்கு இடையூறு நேரலாகாது என்பதே காரணமாக இருந்திருக்க வேண்டும். இங்ஙனம் ஒவ்வோர் ஊரும் தன் பொல்லாப்பைத் தானே துடைத்துக்கொண்டால், கொடுங்கோலன் கண்ணுக்கு நாடு முழுவதும் தன் பக்கம் நிற்பதாகவே தோன்றும். அதைவிடக் கேடு, எதிர்த்து நிற்க எண்ணுபவர் ஒவ்வொருவருக்கும் தாம் ஒருவரே தனித்து நிற்பதாகத் தோன்றும்.

இட்லரின் போர் அநீதியானது, அதில் ஆயுதம் ஏந்துவது பாவம் என்று யேகர்ஸ்டேட்டர் தெளிந்தார். 1943-இல் படைக்கு அழைக்கப்பட்டபோது மறுத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவரைத் தடுக்க முயன்றவர்கள் யார்? அவரை நேசித்தவர்களே! தாய் மன்றாடினார். உறவினர் வற்புறுத்தினர். பங்கில் பணியாற்றிய குருவானவர் அறிவுரை கூறினார். லின்ஸ் மறைமாவட்ட ஆயரைச் சென்று கண்டபோது, அவரும் குடும்பப் பொறுப்பையே நினைவூட்டினார். மூன்று சிறு பெண் குழந்தைகளின் தந்தையல்லவா? எவரும் அவரிடம் இட்லரை நேசிக்கும்படி கூறவில்லை. குழந்தைகளை நினைக்கும்படியே கூறினர். அவ்வறிவுரைகளுள் ஒவ்வொன்றும் தனித்துப் பார்க்கையில் நியாயமானதே. ஆனால் நாடெங்கும் ஒவ்வொரு தந்தைக்கும் அதே அறிவுரை கூறப்பட்டு, ஒவ்வொரு தந்தையும் அதை ஏற்றபோது, இட்லருக்குப் பெரும்படை கிடைத்தது.

1943 ஆகஸ்டு 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது. “ஊரோடு ஒக்க ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு” என்பது நம் பழமொழி. முதற்பாதியை எல்லா ஊர்களும் நன்றாக அறிந்துள்ளன. தனியொருவன் வேறு திசையில் ஓடும்போது, நின்று காரணம் கேட்கச் சொல்லும் பிற்பாதியைத்தான் அன்று மறந்தனர்.

பிள்ளைகளின் பெயரால்

இட்லரின் ஆட்சி 1945-இல் ஒழிந்தது. 1949-இல் ஜெர்மனி இரு நாடுகளாயிற்று. கிழக்கே பொதுவுடைமைக் கட்சியின் தனியாட்சி அமைந்தது. கொள்கை மாறியது, ஆயினும் உறவின் வழியாக ஆளும் கலை மறையவில்லை, மேலும் நுணுக்கமாயிற்று.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ‘வீட்டுப் பதிவேடு’ ஒன்று இருந்தது. வெளியூரிலிருந்து விருந்தினர் வந்து தங்கினால் அதில் எழுத வேண்டும். அதைப் பேணியவர் காவலர் அல்லர். அதே கட்டடத்தில் குடியிருந்த ஒருவரே. குடியிருக்க வீடு வேண்டுமா? அரசு ஒதுக்க வேண்டும். மகிழுந்து வேண்டுமா? பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டும். எனவே எதைப் பெறவும் தெரிந்தவர் ஒருவர் தேவைப்பட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது நற்பண்பு. ஆனால் உப்பிடும் கை எப்போதும் ஆட்சியின் கையாகவே இருந்தால், நன்றியுணர்வே வாய்ப்பூட்டாகி விடும் அன்றோ?

நம் குடும்பங்கள் ஆழ்ந்து எண்ண வேண்டிய ஒன்றுண்டு. திருச்சபைகளின் உறுதிபூசுதலுக்குப் போட்டியாக, 14 வயதுப் பிள்ளைகளுக்கென ஓர் ‘இளைஞர் அர்ப்பணச் சடங்கை’ அவ்வரசு 1955 முதல் நடத்தத் தொடங்கியது. பிள்ளைகள் மேடையேறிச் சோசலிச அரசுக்கு வாக்குறுதி அளிக்க வேண்டும். கத்தோலிக்க ஆயர்களும் சீர்திருத்தச் சபையினரும் அதை எதிர்த்தனர். எனினும் 1960-களுக்குள் பத்துப் பிள்ளைகளுள் ஏறத்தாழ ஒன்பது பேர் அச்சடங்கில் பங்குபெறும் நிலை வந்தது. சட்டப்படி அது கட்டாயமன்று. மறுத்தால் சிறையும் இல்லை. ஆனால் மறுத்த பிள்ளைக்கு மேல்நிலைப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைக்காமல் போகலாம். வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகள் புத்தாடை உடுத்திப் பரிசுகள் பெறும்போது, தம் பிள்ளை மட்டும் தனித்து நிற்கும். பாட்டன் பாட்டி முதல் சுற்றத்தார் அனைவரும் கூடும் குடும்ப விழாவாகவே அது மாறிவிட்டது. எந்தத் தாய்க்கு மனம் கல்லாகும்? பெற்றோர் பலர் அவ்வரசை நம்பவில்லை. தம் பிள்ளையின் எதிர்காலத்தையே நம்பினர். அரசுக்கு அதுவே போதுமானதாயிற்று.

மேசையில் அமர்ந்த ஒற்றர்

1950-இல் நிறுவப்பெற்ற ஸ்டாசியில் 1989-இல் சம்பளம் பெற்ற முழுநேர ஊழியர் ஏறத்தாழ 91,000 பேர். அவர்களுக்குப் புறம்பே, தம் சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே இரகசியத் தகவல் தந்தவர்கள் 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நாட்டின் மக்கள்தொகையோ 1 கோடியே 64 லட்சம்தான். மிரட்டலுக்கு அஞ்சிச் சேர்ந்தவர்கள் இவர்களுள் சிறுபான்மையினரே. கொள்கைப் பற்று சிலரை ஈர்த்தது. சிறு சலுகைகள் சிலரை ஈர்த்தன. அதிகாரி ஒருவர் தம்மை அமரவைத்து, காப்பி கொடுத்து, பிறந்த நாளை நினைவு வைத்திருந்து, தம் பேச்சைப் பொறுமையாகக் கேட்கிறார் என்னும் மகிழ்ச்சியும் சிலரைப் பிணைத்தது. தனிமையில் வாடும் மனிதனுக்கு நட்பைப் போன்ற ஒன்றைக் கொடுத்து, அதற்கு விலையாக அவனுடைய உண்மையான நண்பர்களைக் கேட்டனர்.

வேரா லெங்ஸ்ஃபெல்ட் என்பவர் அந்நாட்டின் அமைதி இயக்கத்தில் ஈடுபட்டு, அதற்காக 1988-இல் சிறைப்பட்ட பெண்மணி; பின்னாளில் ஜெர்மானிய நாடாளுமன்ற உறுப்பினரானவர். கோப்புகள் வெளிவந்தபோது, தம்மைப் பற்றி ‘டோனால்டு’ என்னும் மறைபெயரில் அறிக்கை கொடுத்து வந்தவர் தம் கணவரே என்பதை அறிந்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து பிள்ளைகளை வளர்த்தவர்கள். மணவாழ்வு முறிந்தது.

உறவின் ஆற்றலை அவ்வரசு எவ்வளவு நன்றாக அறிந்திருந்தது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1976 ஜனவரியில் ஸ்டாசி பிறப்பித்த ஓர் ஆணை, எதிர்ப்பாளர்களைச் சிறையிடாமலே சிதைக்கும் வழிகளை வகுத்துரைத்தது: பெயரிலாக் கடிதங்கள் அனுப்புதல், நற்பெயரைக் கெடுக்கும் வதந்திகளைப் பரப்புதல், நண்பர்களிடையே ஐயத்தை விதைத்தல், தொழிலில் தோல்வியுறச் செய்தல். மனிதனை ஒடுக்க அவனுடைய உறவுகளை அறுத்தால் போதும் என அவர்கள் கண்டிருந்தனர். உண்மையான நட்பு நிலவும் இடத்தில் தம் ஆட்சி செல்லாது என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தானே இதற்குப் பொருள்?

அதே உறவு விடுவிக்கிறது

லைப்சிக் நகரில் புனித நிக்கோலாசின் பெயரால் அமைந்த சீர்திருத்தச் சபைக் கோயில் ஒன்றுண்டு. 1982 முதல் அங்குத் திங்கட்கிழமைதோறும் மாலையில் அமைதிக்கான மன்றாட்டு நடைபெற்று வந்தது. சில வேளைகளில் வந்தவர்கள் ஒரு கைப்பிடியளவினரே. 1989 அக்டோபர் 9, திங்கட்கிழமை. அன்று பெரும் இரத்தக்களரி நேரும் என்று நகரமே நடுங்கியது. ஆயிரக்கணக்கான காவலரும் படையினரும் குவிக்கப்பட்டிருந்தனர். கோயில் இருக்கைகளை நிரப்புமாறு கட்சியினர் நூற்றுக்கணக்கானோர் முன்னதாகவே அனுப்பப்பட்டிருந்தனர். அவர்களும் அமர்ந்து மன்றாட்டைக் கேட்டனர். வழிபாடு முடிந்து வெளியே வந்தபோது, ஏறத்தாழ 70,000 பேர் கையில் மெழுகுவர்த்தியோடும், வன்முறை வேண்டாம் என்னும் முழக்கத்தோடும் தெருக்களில் நடந்தனர்.

அவர்களுக்கு எதிரே நிறுத்தப்பட்டவர்களுள் தொழிற்சாலைப் பணியாளரைக்கொண்டு அமைத்த காவற்குழுவினரும் கட்டாயப் படைப்பணியிலிருந்த இளைஞரும் இருந்தனர். கூட்டத்தில் தம் அண்டை வீட்டாரையும் உடன் பணியாற்றுவோரையும் காணக்கூடியவர்கள் அவர்கள். மக்கள் அவர்களோடு பேசினர். ஒரு துப்பாக்கிக் குண்டும் வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் சுவர் திறந்தது. நாற்பதாண்டுகள் அவ்வாட்சியைத் தாங்கி நின்ற அதே உறவுகள், ஓர் இரவில் அதன் கையைப் பற்றி நிறுத்தின.

இவற்றால் உறவுகளைச் சந்தேகிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் கூற வரவில்லை. அது ஸ்டாசி கற்பித்த பாடம். உறவுக்குள் உண்மை பேச இடமிருக்க வேண்டும் என்பதே நான் கூற விழைவது. அன்பார்ந்த குடும்பத்தினரே, நம்மை நேசிக்கும் ஒருவர் “பேசாதிரு” என்று வேண்டும்போது, அந்த அமைதிக்கு விலை கொடுக்கப்போவது யார் என்று ஒரு முறையேனும் கேட்போம். அவ்விலையை நாமே கொடுப்பதாயின் அது பொறுமை. பெயர் அறியாத வேறொருவர் கொடுப்பதாயின், அந்த அமைதி அவருக்கு எதிராக நாம் இட்ட கையொப்பம்.

இறுதியாக, யேகர்ஸ்டேட்டரின் மனைவி பிரான்சிஸ்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவரும் கணவரிடம் மனம் மாறுமாறு கெஞ்சினார். ஆனால் எல்லாரும் சேர்ந்து அவரை எதிர்ப்பதைக் கண்டபோது, அவர் பக்கம் வந்து நின்றார். தானும் கைவிட்டால் கணவருக்கு வேறு யாருமில்லை என்பதைப் பிற்காலத்தில் காரணமாகக் கூறினார். கணவரின் மரணத்திற்குப் பின்னர் ஊரார் பலர் அவர் மீதே பழி சுமத்தினர். 1950 வரை அவருக்குக் கைம்பெண் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. அவரோ மூன்று பெண்களையும் வளர்த்து, நிலத்தை உழுது, கணவர் ஆற்றிய கோயில் பணியைத் தாமே ஏற்று நடத்தினார். 2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் யேகர்ஸ்டேட்டர் அருளாளராக உயர்த்தப்பட்டபோது, 94 வயது மூதாட்டியாக அங்கு வீற்றிருந்தார். 2013-இல், நூறு வயது நிறைந்தபின், கண்மூடினார்.

கொடுங்கோலனுக்கு உண்மை நண்பர் எவரும் இலர். உடந்தையாளரே உளர் என்று லா போயசி கருதினார். உலகம் முழுவதும் ஒரு மனிதனுக்கு எதிராக நின்ற வேளையில், அவருடைய இல்லத்தில் ஒருவர் அவர் பக்கம் நின்றார். அத்தகைய ஒருவர் ஒவ்வோர் இல்லத்திலும் இருந்துவிட்டால், கொடுங்கோல் எந்தக் கதவு வழியாக உள்ளே நுழையும்?